வைத்தியசாலையில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகள்: வேலூரின் அனுபவமும் தீவகத்தின் தேவையும்

வாணர் தாம்போதியைத் தாண்டி மடத்துவெளி வழியாக வரும் பேருந்து குறிகட்டுவான் இறங்குதுறையில் போய் நிற்கிறது. காலையில் அதில் ஆசிரியர்களோடும் அலுவலக ஊழியர்களோடும், நயினாதீவு, நெடுந்தீவு வைத்தியசாலைகளுக்குக் கடமைக்குப் போகும் தாதியரும் மருந்தாளரும் பணியாளரும் இருப்பார்கள். இறங்குதுறையில் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்ய வேண்டும். ஆடிக்கொண்டிருக்கும் படகில் ஒரு காலை வைத்து, யாராவது நீட்டும் கையைப் பிடித்து, மற்றக் காலைத் தூக்கி உள்ளே இறங்க வேண்டும். சோளகக் காலத்தில் இது நல்ல தேகம் உள்ளவருக்கே சிரமம். முழங்கால் தேய்ந்தவருக்கும் செயற்கைக் கால் போட்டவருக்கும், கடமை நேரம் தொடங்கும் முன்பே அன்றைய நாளின் மிகக் கடினமான வேலை இதுவாகத்தான் இருக்கும்.

மாற்றுத்திறனாளிகளையும் வைத்தியசாலையையும் சேர்த்துப் பேசும்போது நாம் நோயாளரைப் பற்றியே பேசுகிறோம். சாய்தளம் அவர்களுக்கு, சக்கர நாற்காலி அவர்களுக்கு. மருந்து கொடுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் அவை தேவைப்படலாம் என்பது பெரும்பாலும் யாருடைய நினைவுக்கும் வருவதில்லை.

யார் இவர்கள்? அரச வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டின் கீழ் சேர்ந்தவர்கள் மட்டும் அல்லர். இருபது வருடம் நோயாளரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி முதுகுத்தட்டு விலகிய பணியாளர் இருக்கிறார். நீரிழிவால் பாத உணர்வு குறைந்த மருந்தாளர், ஒரு காதில் கேள்வி மங்கிய தாதி, வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு அதை ஒருவருக்கும் சொல்லாத எழுதுவினைஞர், போர்க்காலத்தில் கால் இழந்து இன்று காவலாளியாக இருப்பவர், மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெறும் வைத்தியர், இவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதமானோர், ஏறத்தாழ 16 இலட்சம் பேர், ஏதோ ஒரு வகை இயலாமையுடன் இருப்பதாகப் பதிவானது. வைத்தியசாலை ஊழியர் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்க முடியாது. அவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த நாளில் நல்ல சுகத்துடன் இருந்தவர்கள்.

இந்த விடயத்தில் தமிழ் நிலத்தில் நடந்த ஒரு பழைய சம்பவம் இன்றும் படிக்கத் தக்கது. அது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது.

மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிக்கு அருகே செராய் என்ற ஊரில் பிறந்தவர். வேலூரில் மருத்துவம் படித்து அங்கேயே வைத்தியராகச் சேர்ந்தார். பெண்நோயியலில் சிறப்புத் தேர்ச்சி பெறுவது அவருடைய எண்ணம். 1954 ஜனவரி 30ஆம் திகதி சக வைத்தியர்களோடு ஒரு உலாப் போனபோது அவர்கள் சென்ற வாகனம் புரண்டது. முள்ளந்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. நிமிர்ந்து இருப்பதற்கே மாதக்கணக்கில் சிகிச்சை தேவைப்பட்டது.

அந்தக் காலத்து இந்தியாவில் இப்படியான ஒருவருக்கு இருந்த வழி வீடுதான். ஊருக்கு அனுப்பி, ஓய்வூதியமோ உதவித் தொகையோ கொடுத்து, எல்லோரும் இரங்கியிருக்கலாம். வேலூரில் வேறு ஒன்று நடந்தது. அங்கே சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த போல் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் முறையில் முன்னோடி. மேரி வர்கீஸ் தன்னுடன் சேர்ந்து அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யலாம் என்று அவர் நினைத்தார்.

இந்த யோசனையில் கருணையை விடத் தொழில் அறிவே கூடுதலாக இருந்தது. கைச் சத்திரசிகிச்சையை நன்றாக நடக்கக்கூடிய வைத்தியரும் அமர்ந்துதான் செய்வார். நோயாளியின் கையை ஒரு சிறு பலகையில் நீட்டி வைத்து, பக்கத்தில் இருந்து, மணிக்கணக்காக நுணுக்கமாக வேலை செய்ய வேண்டும். அதற்கு வேண்டியது விரல், கண், பொறுமை. கால் வேண்டியதில்லை. பிரசவ அறையில் இரவு முழுக்க ஓடி நிற்க வேண்டிய பெண்நோயியல் அவருக்கு இனி இயலாது என்பதும் உண்மை. ஆனால் அது வைத்தியத் தொழிலின் ஒரு பகுதிதான். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி தொழுநோயாளரின் கைகளில் சத்திரசிகிச்சை செய்யத் தொடங்கினார்.

பிறகு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் தனக்கே புனர்வாழ்வுப் பயிற்சி பெற்றார். அதன் பின் நியூயோர்க்கில் ஹவார்ட் றஸ்க் நடத்திய நிறுவனத்தில் புனர்வாழ்வு மருத்துவம் படித்தார். 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவ, புனர்வாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966இல் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் புனர்வாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதலாவது. 1972இல் பத்மஸ்ரீ விருது. 1986இல் அவர் காலமானார். இன்று அந்த நிலையம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்தக் கதையை வழமையாக மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவருடைய உறுதியை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு வைத்தியசாலை நிர்வாகி இதில் கற்க வேண்டியது பிராண்ட் கேட்ட கேள்வியை. இவருடைய வேலையில் உண்மையாகவே கால் தேவைப்படும் பகுதி எது, வழக்கத்தினால் மட்டும் நின்று செய்யும் பகுதி எது என்று அவர் பிரித்துப் பார்த்தார். மாற்றுத்திறனாளி ஊழியரை ஆதரிப்பது என்பதன் நடைமுறை அர்த்தம் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேரி வர்கீஸ் ஒரு வைத்தியர். அவரை மதிக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அதே வேலூரில் அதே விபத்தில் ஒரு துப்புரவுப் பணியாளருக்கு முதுகு முறிந்திருந்தால், அவருக்காக யாராவது இவ்வளவு யோசித்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம். ஒரு நல்ல மேலதிகாரி வாய்ப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் இல்லாதவருக்குத்தான் சட்டம் தேவைப்படுகிறது.

இலங்கையில் 1988இல் வெளியான 27/88 இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதத்தை, தகைமை உள்ளவர்களும் தங்கள் இயலாமை கடமைக்குத் தடையாக இல்லாதவர்களுமான மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆட்சேர்க்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மீறப்பட்டால் மாகாண மேல் நீதிமன்றத்தை நாடலாம். 2006இல் வர்த்தமானியில் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களின் வாசல், சாய்தளம், கழிவறை பற்றியவை. அவை நடைமுறைக்கு வராமல் கிடந்தபோது வழக்குத் தொடுத்தவர் அஜித் பெரேரா. இரசாயனவியலாளராகவும் கிரிக்கெட் நடுவராகவும் இருந்த அவர், 1992இல் ஓடும் காரின் மீது மரம் விழுந்ததில் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அவருடைய மனுவில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த விதிகளைப் பின்பற்றுமாறு கட்டளையிட்டது. 2016 பெப்ரவரியில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 27ஆம் உறுப்புரை வேலை பற்றியது. வேலை செய்துகொண்டிருக்கும்போது இயலாமைக்கு உள்ளானவர்களையும் அது பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது.

இந்த இடத்தில்தான் நமது 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. அதன் வேலை பற்றிய வாசகம் ஆட்சேர்ப்போடு நிற்கிறது. சேர்ந்து பத்து வருடம் கழித்துக் கால் போனால் என்ன என்பதற்கு அதில் நேரான விடை இல்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. சேவைக் காலத்தில் இயலாமைக்கு உள்ளான அரச ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ தரம் குறைக்கவோ கூடாது. பார்த்த வேலை இயலாவிட்டால் அதே சம்பளத்தோடு வேறு பதவிக்கு மாற்ற வேண்டும். பதவி எதுவும் வெறுமையாக இல்லாவிட்டால், பொருத்தமான ஒன்று கிடைக்கும் வரை அல்லது ஓய்வு பெறும் வயது வரை அவருக்கென்று மேலதிகப் பதவி ஒன்றை உருவாக்கி வைத்திருக்க வேண்டும். இலங்கையில் புதிய சட்டம் பற்றிப் பேசுபவர்கள் முதலில் கேட்க வேண்டிய வாசகம் இது என்பது என் எண்ணம்.

சட்டத்துக்கு வெளியே, ஒரு பிரதேச வைத்தியசாலையின் மட்டத்தில் என்ன செய்யலாம்? பெரும்பாலான ஏற்பாடுகளுக்குக் காசு அதிகம் தேவைப்படுவதில்லை. வேலையிட ஏற்பாடுகள் பற்றி 1983 முதல் ஆலோசனை வழங்கிவரும் அமெரிக்க நிலையம் ஒன்று, முதலாளிகளிடம் கேட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ அரைவாசி ஏற்பாடுகள் எந்தச் செலவும் இல்லாதவை என்று திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. மருந்து கொடுக்கும் இடத்தில் உயரமான கதிரை ஒன்றை வைத்தால் நின்று செய்யும் வேலை இருந்து செய்யும் வேலையாகிவிடும். கனமான பெட்டிகளை மேல் தட்டிலிருந்து இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் முதுகு நோயுள்ளவர் களஞ்சியத்தைப் பார்க்கலாம். வலிப்பு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது ஆபத்து. அவரை இரவுக் கடமையிலிருந்து விடுவிப்பதற்கு அட்டவணையில் ஒரு கோடு போதும்.

கேள்விக் குறைபாட்டை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். வைத்தியசாலையில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். காது மங்கியவர் வாயசைவைப் பார்த்தே பாதியைப் பிடிக்கிறார். முகக்கவசம் வந்ததும் அந்தப் பாதி போய்விட்டது. கொரோனாக் காலத்தில் பலர் தங்கள் குறைபாட்டின் அளவையே அப்போதுதான் அறிந்தார்கள். வாய் தெரியும் வகையில் முன்பக்கம் கண்ணாடி போன்ற தாள் பொருத்திய முகக்கவசங்கள் உண்டு. ஒலியைப் பெருக்கித் தரும் மின்னணு இதயத்துடிப்பு மானிகள் உண்டு. இவை கிடைக்காவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மருந்தின் பெயரையும் அளவையும் வாயால் சொல்லி ஓடுவதை நிறுத்தி, எழுதிக் காட்டி, அவர் திருப்பிச் சொல்லும் வரை நிற்பது. இது காது நன்றாகக் கேட்பவர்களுக்கும் நல்லது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயருள்ள மருந்துகளால் வரும் பிழைகளையும் இது குறைக்கும்.

நோயாளரின் பாதுகாப்பு என்று ஒரு மறுப்பு எப்போதும் வரும். அது வெறும் சாட்டு அல்ல, பதில் சொல்ல வேண்டிய மறுப்பு. ஒரு கை வலுவில்லாத தாதி இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிப்பதைத் தனியே செய்ய முடியாது. உண்மை. ஆனால் அந்த வேலைக்கு எவருக்குமே இரண்டாவது ஆள் வேண்டும். எனவே அவரைத் தனியாகக் கடமையில் விடாமல் இருப்பதே விடை, வேலையிலிருந்து எடுப்பது அல்ல. எந்தப் பணி அவரால் இயலாது என்பதைக் கடமையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தீர்மானிக்கக் கூடாது. இன்னொரு தவறு, எல்லோரையும் தொலைபேசிக்கு முன்னால் இருத்திவிடுவது. ஆய்வுகூடத்தில் பதினைந்து வருட அனுபவம் உள்ளவரை கால் இழந்ததும் தொலைபேசி எடுக்க வைத்தால் வைத்தியசாலை ஒரு ஆய்வுகூட உத்தியோகத்தரை இழக்கிறது. அவர் இருந்தபடியே நுணுக்குக்காட்டியைப் பார்க்கலாமே.

சில வேலைகளில் அனுபவமே தகைமையாகிறது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிறுவனம் செயற்கைக் கால் செய்து கொடுப்பதை இந்தப் பகுதியில் அறியாதவர் இல்லை. இப்படியான பட்டறைகளில் கால் இழந்தவர்களே தொழில்நுட்பவியலாளர்களாக இருப்பது பல நாடுகளில் வழக்கம். தோல் எங்கே உரசும், எந்த வாரத்தில் மனம் சோரும் என்பதை அவர்கள் நோயாளரிடம் கேட்டு அறிய வேண்டியதில்லை.

இனித் தீவகத்துக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் பல, ஆட்கள் நிறைய உள்ள வைத்தியசாலைகளில் எளிது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒருவரை விடுதியிலிருந்து வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றலாம், அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவார். ஒரு கைவிரல் எண்ணிக்கையில் ஊழியர் உள்ள தீவு வைத்தியசாலையில் ஒருவரை இரவுக் கடமையிலிருந்து விடுவித்தால் அந்த இரவு இன்னொருவரின் தலையில் விழுகிறது. அவர் முணுமுணுப்பார். அவரில் பிழை சொல்ல முடியாது. சக ஊழியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிச் செய்யும் ஏற்பாடு சில மாதங்களில் பகையாக மாறும். ஆகவே மாற்றுத்திறனாளி ஊழியர் ஒருவரை ஒரு தீவுக்கு நியமிக்கும்போது அங்கே ஆளணியையும் அதற்கேற்பக் கூட்டித் தர வேண்டிய பொறுப்பு மாகாணத் திணைக்களத்தினுடையது.

அப்படியானால் மாற்றுத்திறனாளிகளைத் தீவுகளுக்கு அனுப்பாமல் விடுவதே நல்லது என்று ஒரு குரல் உடனே எழும். வெளியூரவருக்கு அது பொருந்தலாம். ஆனால் நெடுந்தீவிலேயே பிறந்து, வீட்டிலிருந்து நடந்தோ மூன்று சில்லு வண்டியிலோ உள்ளூர் வைத்தியசாலைக்குப் போகக்கூடிய ஒருவருக்கு அதே விதி தலைகீழாக வேலை செய்கிறது. அவரை ‘வசதியான இடம்’ என்று யாழ்ப்பாணத்துக்கு மாற்றினால், ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணமும் அதற்குப் பின் பேருந்தும் அவர் தலையில் ஏறும். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று காலத்துக்குக் காலம் ஓடிய படகுகள் எதிலும் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான். அவருக்கு ஊரில் வைத்திருப்பதே ஏற்பாடு. வருடாந்த இடமாற்றப் பட்டியலில் அவருடைய பெயரை விட்டுவிடுவதற்கு எந்தக் கட்டடமும் கட்டத் தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் முதல் தடை ஒன்று உண்டு. ஆட்கள் சொல்வதில்லை. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அந்தச் சேவை 2019இலிருந்து ஒவ்வொரு வைத்தியசாலை நிர்வாகமும் மாற்றுத்திறனாளி ஊழியரின் நிலையைப் பத்து அளவுகோல்களில் அளந்து வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதில் வெளிவந்த ஒரு விடயம் கவனிக்கத் தக்கது. பணியாளர் பதிவேட்டில் தங்களை மாற்றுத்திறனாளி என்று குறிப்பிட்டவர்கள் மிகச் சில வீதம். பெயர் சேராத கருத்துக் கணிப்பில் அதை ஒப்புக்கொண்டவர்கள் அதைப்போலப் பல மடங்கு. நிரந்தரமாக்கல், பதவி உயர்வு, கலியாணம் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் எங்கள் சிறிய ஊர்களில் மறைப்பதற்கான காரணங்கள் இன்னும் அதிகம். பொறுப்பு வைத்திய அதிகாரியிடம் காலையில் சொன்ன விடயம் மாலையில் கோயில் வீதியில் திரும்பக் கேட்கும் என்றால் யார் சொல்வார்கள்? ஆகவே நிர்வாகத்தின் பக்கம் முதல் வேலை, இந்தத் தகவல் யார் கையில் இருக்கும், கோவை எந்த அலுமாரியில் பூட்டப்படும் என்பதை ஊழியருக்கு முன்கூட்டியே சொல்வது. கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘உமக்கு என்ன வருத்தம்?’ என்று தொடங்கினால் கதவு மூடிவிடும். ‘இந்த வேலையில் எது சிரமமாக இருக்கிறது, எதை மாற்றினால் இலேசாக இருக்கும்?’ என்று கேட்டால் நோயின் பெயரைச் சொல்லாமலே பாதி விடயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஊழியரின் பக்கம், கோரிக்கையை வாயால் சொல்லி விடாமல் எழுத்தில் கொடுக்க வேண்டும். நீண்ட கடிதம் தேவையில்லை. பார்க்கும் பதவி, அதில் இயலாத பணி எது, தொடர்ந்து செய்யக்கூடிய பணிகள் எவை, கேட்கும் மாற்றம் என்ன, எவ்வளவு காலத்துக்கு என்பன போதும். மருத்துவச் சான்றிதழில் நோயின் பெயரை விட ‘பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது’, ‘தொடர்ந்து நிற்பது அரை மணிக்கு மேல் கூடாது’ என்பது போன்ற வரிகளே அதிகாரிக்கு உதவும். வைத்தியரிடம் அப்படியே எழுதித் தரும்படி கேட்கலாம். படகுப் பயணம் சிரமம் என்றால் அதையும் தனி வரியாக எழுத வேண்டும், ஏனென்றால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து கடிதத்தைப் படிப்பவருக்குக் குறிகட்டுவானில் எப்படி ஏறுவது என்பது தெரிந்திருக்காது. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தின் பின், ஏற்பாடு வேலை செய்கிறதா என்று இரு தரப்பும் மறுபடி இருந்து பார்ப்பதற்கு ஒரு நாளையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.